1,500 ரூபாயில் இரண்டு சக்கர ரோபோ: பிள்ளைகளோடு சேர்ந்து செய்ய முழுமையான வழிகாட்டி

பிள்ளைகள் முதன்முதலாகச் செய்யும் ரோபோ ஓடவில்லை என்றால் எல்லோரும் முதலில் நிரலைத்தான் திருத்தப் பார்ப்பார்கள். பெரும்பாலும் தவறு அங்கே இருக்காது. பேட்டரி தளர்ந்திருக்கும், ஒரு ஒயர் லூசாக இருக்கும், இல்லையென்றால் கிரவுண்டு (மைனஸ் பக்க) ஒயரையே மாட்டாமல் விட்டிருப்பார்கள். அதனால் இந்த வழிகாட்டி முழுக்க ஒரே முறையில் போகிறது: ஒரு பாகத்தை மாட்டு, அதை மட்டும் சோதித்துப் பார், அது சரியாக ஓடிய பிறகு அடுத்ததைத் தொடு. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டி முடித்துவிட்டு ஸ்விட்சைப் போட்டால், எது கெட்டது என்று கண்டுபிடிக்க முடியாமல் பிள்ளை சோர்ந்துவிடும்.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் இதைச் செய்துவிடும். சால்டரிங் (ஈயத்தை உருக்கி ஒயரை ஒட்டுவது) மட்டும் பெரியவர் கையில் இருக்கட்டும். தட்டச்சு செய்து நிரல் எழுத வேண்டியதில்லை, பிளாக்குகளை இழுத்துக் கோத்தால் போதும்.

என்னென்ன வாங்க வேண்டும்

மூளை, ஆர்டுயினோ உனோ போர்டு. இத்தாலியில் 2005-இல் மாணவர்களுக்காகத் தொடங்கிய திட்டம் இது. வரைபடங்களை எல்லோருக்கும் திறந்துவிட்டதால் அதே அமைப்பில் பலரும் போர்டு செய்து விற்கிறார்கள். அசல் போர்டு பல மடங்கு விலை. பிள்ளைகளின் முதல் ரோபோவுக்கு 400 முதல் 500 ரூபாய்க்குக் கிடைக்கும் நகல் போர்டே போதும். வாங்கும்போது சிப் நீளமாக, சாக்கெட்டில் செருகியதாக இருக்கிறதா என்று பாருங்கள். அந்த வகையில் சிப் எரிந்துபோனால் அதை மட்டும் மாற்றலாம். போர்டோடு பிரிண்டருக்குப் போடும் வகை யூஎஸ்பி ஒயரும் வேண்டும்.

உடல், இரண்டு சக்கர சேசிஸ் கிட். அக்ரிலிக் தட்டு, பேட்டரியில் ஓடும் ‘பிஓ’ என்ற மஞ்சள் கியர் மோட்டார் இரண்டு, 65 மி.மீ. சக்கரங்கள் இரண்டு, முன்னாலோ பின்னாலோ பொருத்தும், எப்பக்கமும் உருளும் சின்ன கேஸ்டர் சக்கரம், திருகுகள் எல்லாம் சேர்ந்து 400 ரூபாயை ஒட்டி வரும். தட்டு இல்லாமல் மோட்டாரும் சக்கரமும் மட்டும் வாங்கி, 5 மி.மீ. சன்போர்டிலோ பழைய பிளாஸ்டிக் டப்பா மூடியிலோ பொருத்தினால் இன்னும் மிச்சமாகும், ஓட்டத்தில் பெரிய வித்தியாசமும் தெரியாது.

மோட்டாரை ஓட்ட எல்298என் டிரைவர் போர்டு, 150 ரூபாய் அளவில். ஆர்டுயினோவின் ஒரு பின் (ஒயர் மாட்டும் முனை) 20 மில்லி ஆம்பியர் கொடுக்கும், உச்ச வரம்பே 40 தான். இந்த மோட்டாரோ தடுமாறி நிற்கும் நேரத்தில் அரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும். நேராகப் பின்னில் மாட்டினால் போர்டு போய்விடும். நடுவே நின்று அந்தக் கரண்டைச் சுமப்பதற்குத்தான் டிரைவர்.

இவற்றோடு தூரம் அளக்கும் ஹெச்சி-எஸ்ஆர்04 அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று, கோட்டைக் கண்டறியும் ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் இரண்டு, சால்டரிங் இல்லாமல் ஒயர் செருக 170 துளை உள்ள குட்டி பிரெட்போர்டு, இரு முனையும் ஊசி, ஒரு முனை ஊசி மறுமுனை துளை என இரு வகை ஜம்பர் ஒயர்களில் 20 வீதம், ஆறு ஏஏ பேட்டரி போடும் ஹோல்டர், சின்ன ஆன்-ஆஃப் ஸ்விட்ச், 104 என்று எழுதிய செராமிக் கெபாசிட்டர் இரண்டு. இதெல்லாம் சேர்ந்து இன்னொரு 400 ரூபாய்க்குள் அடங்கும். சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் ஒரே நடையில் வாங்கிவிடலாம். விலை கடைக்குக் கடை மாறும்.

பேட்டரி இந்தக் கணக்கில் சேரவில்லை. அதைத் தனியாகப் பேச வேண்டும்.

பேட்டரியில் சிக்கனம் பார்க்காதீர்கள்

சதுரமான 9 வோல்ட் பேட்டரியை வாங்காதீர்கள். பல படங்களில் ரோபோ மேல் அதுதான் உட்கார்ந்திருக்கும். 9 வோல்ட் என்று எழுதியிருந்தாலும் அதன் உள் மின்தடை அதிகம். இரண்டு மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரிந்து, ஆர்டுயினோ அணைந்து மறுபடி தொடங்கும். ரோபோ ஒரு வெட்டு வெட்டி நிற்கும், மறுபடி வெட்டும். நிரலில் எதை மாற்றினாலும் இது தீராது.

எல்298என் பழைய வகை டிரான்சிஸ்டர்களால் ஆனது. தானே ஏறக்குறைய 2 வோல்ட்டை விழுங்கிவிட்டு மிச்சத்தைத்தான் மோட்டாருக்குக் கொடுக்கும். பிஓ மோட்டாருக்கு 3 முதல் 6 வோல்ட் வேண்டும். நான்கு ஏஏ பேட்டரி போட்டால் 6 வோல்ட், அதில் 2 போனால் 4. ஓடும், ஆனால் தரைவிரிப்பில் ஏறாது. ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரி ஒன்றுக்கு 1.2 வோல்ட். ஆறு போட்டால் 7.2, மோட்டாருக்கு 5-ஐ ஒட்டிக் கிடைக்கும். இந்த ரோபோவுக்குச் சரியான அளவு அதுதான். பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்து ரோபோவின் விலையையே நெருங்கும் என்பது உண்மை, ஆனால் வருடக்கணக்கில் உழைக்கும். முதல் வாரத்துக்கு சாதாரண ஆல்கலைன் பேட்டரி ஆறு போடலாம். அப்போது 9 வோல்ட் வருவதால் நிரலில் வேகத்தை 170-க்கு மேல் (முழு வேகம் 255) ஏற்றாதீர்கள். கடிகாரத்துக்குப் போடும் மலிவான பேட்டரி வேண்டாம், சில நிமிடங்களில் தளர்ந்துவிடும்.

18650 லித்தியம் பேட்டரி இரண்டு போட்டால் ரோபோ நன்றாகவே ஓடும். ஆனாலும் சின்னப் பிள்ளைகள் கையில் அதைக் கொடுக்கக் கூடாது. ஒரு ஷார்ட் சர்க்யூட் ஆனாலே தீப்பிடிக்கும் அளவுக்குச் சூடாகும்.

உடலைப் பூட்டுதல்

அக்ரிலிக் தட்டின் இரு பக்கமும் பழுப்புக் காகிதம் ஒட்டியிருக்கும். அதை உரித்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். உரிப்பது பிள்ளைக்குப் பிடித்த வேலை, அதனிடமே கொடுங்கள். நட்டை விரலால் இறுகும் வரை முடுக்கி, ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்று மட்டும் கொடுத்தால் போதும். அதற்கு மேல் போனால் துளையிலிருந்து விரிசல் ஓடும்.

தட்டில் பூட்டுவதற்கு முன்பே மோட்டாருக்கு ஒயர் வைத்துவிடுங்கள். அதன் பின்பக்கம் மெல்லிய செப்புத் தகடு இரண்டு நீட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு, கறுப்பு ஒயரை அவற்றில் சால்டர் செய்து, 104 கெபாசிட்டரை இரண்டு தகடுகளுக்கும் குறுக்கே வையுங்கள். மோட்டாரின் கார்பன் உரசலில் எழும் மின் இரைச்சல் போர்டைக் குழப்பாமல் அது தடுக்கும். சூட்டுக்கோலை மூன்று விநாடிக்கு மேல் வைத்தால் பிளாஸ்டிக் உருகித் தகடு ஆடத் தொடங்கும். ஒயரை மோட்டார் உடலோடு சேர்த்து ஒரு கேபிள் டையால் கட்டிவிடுங்கள். பிள்ளை ரோபோவைத் தூக்கும்போது ஒயரைப் பிடித்துத்தான் தூக்கும். கட்டு இல்லையென்றால் தகடு முறிந்து கையோடு வந்துவிடும், பிறகு அந்த மோட்டாரில் ஒயர் வைக்க இடமே இருக்காது.

பேட்டரி ஹோல்டரை இரு பெரிய சக்கரங்களுக்கு நடுவே, அச்சுக்குச் சற்றே கேஸ்டர் பக்கமாக வையுங்கள். கனம் முழுக்க கேஸ்டர் மேல் விழுந்தால் பெரிய சக்கரங்களுக்குப் பிடிப்பு இருக்காது, சும்மா வழுக்கும்.

ஒயர் மாட்டுதல்

பேட்டரியின் சிவப்பு ஒயர் முதலில் ஸ்விட்சுக்கு. ஸ்விட்சிலிருந்து இரண்டு ஒயர் கிளம்ப வேண்டும்: ஒன்று டிரைவரில் 12 வோல்ட் என்று எழுதிய திருகு முனைக்கு, மற்றொன்று ஆர்டுயினோவின் விஐஎன் பின்னுக்கு. பேட்டரியின் கறுப்பு ஒயர் டிரைவரின் கிரவுண்டுக்கு. அதே கிரவுண்டு முனையிலிருந்து இன்னொரு ஒயர் ஆர்டுயினோவின் கிரவுண்டுக்கு. இந்தக் கடைசி ஒயரைத்தான் எல்லோரும் மறப்பார்கள். அது இல்லையென்றால் ஆர்டுயினோ அனுப்பும் 5 வோல்ட் எதோடு ஒப்பிட்டு 5 வோல்ட் என்பதே டிரைவருக்குத் தெரியாது. மோட்டார் துடிக்கும், தன்னிஷ்டத்துக்கு ஓடும், அல்லது அசையவே அசையாது.

டிரைவரின் 5 வோல்ட் முனையை வெறுமையாக விட்டுவிடுங்கள். ஆர்டுயினோவின் 5 வோல்ட்டோடு அதை இணைக்கக் கூடாது. பக்கத்தில் இருக்கும் 5 வோல்ட் ஜம்பர் மூடி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். ஈஎன்ஏ, ஈஎன்பி என்று எழுதிய இரண்டு மூடிகளை மட்டும் பிடுங்கிவிடுங்கள். அவை இருந்தால் நிரலில் எந்த எண் கொடுத்தாலும் மோட்டார் முழு வேகத்தில்தான் ஓடும்.

பிடுங்கிய இடத்தில், வெளி விளிம்பை ஒட்டி மற்ற நான்கு பின்களோடு ஒரே வரிசையில் நிற்கும் பின்களில் ஒயர் மாட்ட வேண்டும். ஈஎன்ஏ ஆர்டுயினோவின் 5-க்கு, ஈஎன்பி 6-க்கு. ஐஎன்1, ஐஎன்2, ஐஎன்3, ஐஎன்4 நான்கும் முறையே 7, 8, 9, 10-க்கு. வேகத்துக்கு 5-ஐயும் 6-ஐயும் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு: வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் துடிப்பு (பிடபிள்யூஎம்) 3, 5, 6, 9, 10, 11 ஆகிய பின்களில்தான் வரும், அவற்றில் 5-உம் 6-உம் ஒரே வேகத்தில் துடிப்பவை. 0, 1 இரண்டையும் காலியாக விடுங்கள். கம்ப்யூட்டர் போர்டோடு பேசும் வழி அதுதான். அங்கே எதையாவது மாட்டினால் நிரல் ஏறாது.

இடது மோட்டார் ஒயர்களை ஐஎன்1, ஐஎன்2 பக்கத்துத் திருகு முனைகளில் வைத்து முடுக்குங்கள், வலது மோட்டாருக்கு எதிர்ப்பக்கம். ஒவ்வொரு ஒயரையும் முடுக்கிய பின் லேசாக இழுத்துப் பாருங்கள். ரப்பர் உறையின் மேலேயே திருகு கடித்திருந்தால் பார்க்க நன்றாக இருக்கும், மின்சாரம் போகாது.

முதல் நிரல்: ஒரு விளக்கு, பிறகு ஒரு சக்கரம்

எம்பிளாக் என்ற இலவச மென்பொருளைக் கம்ப்யூட்டரில் நிறுவுங்கள். பிளாக் கோத்து நிரல் எழுதும் ஸ்கிராட்ச் மென்பொருளில் பழகிய பிள்ளைக்குப் பார்த்தவுடன் புரிந்துவிடும். சாதனப் பட்டியலில் ஆர்டுயினோ உனோவைச் சேர்த்து, அப்லோடு முறையில் வைத்துக்கொள்ளுங்கள். நேரலை முறையில் ஒயரைப் பிடுங்கியதும் ரோபோ நின்றுவிடும். நகல் போர்டுகள் பலவற்றில் யூஎஸ்பிக்கு சிஹெச்340 என்ற சிப் இருக்கும். போர்ட் பட்டியலில் எதுவும் தெரியாவிட்டால் அதற்கான டிரைவர் மென்பொருளைக் கம்ப்யூட்டரில் நிறுவ வேண்டும். அதன் பிறகும் தெரியாவிட்டால் ஒயரை மாற்றிப் பாருங்கள். சில ஒயர்கள் சார்ஜ் மட்டும் ஏற்றும், தகவல் கடத்தாது.

முதலில் 13-ஆம் பின்னை ஒரு விநாடி ஆன், ஒரு விநாடி ஆஃப் என்று மாற்றும் நிரலை ஏற்றுங்கள். போர்டிலுள்ள குட்டி விளக்கு மினுக்கினால் கம்ப்யூட்டர், ஒயர், போர்டு மூன்றும் நலம் என்று பொருள்.

அடுத்து ரோபோவை ஒரு தடித்த புத்தகத்தின் மேல் வைத்து, சக்கரங்கள் அந்தரத்தில் சுற்றும்படி விடுங்கள். 7 ஆன், 8 ஆஃப், 5-இல் துடிப்பு 150 என்று கொடுத்து, பேட்டரி ஸ்விட்சைப் போடுங்கள். இடது சக்கரம் மட்டும் சுற்ற வேண்டும். பின்னோக்கிச் சுற்றினால் நிரலைத் தொடாமல், டிரைவரில் அந்த மோட்டாரின் இரண்டு ஒயர்களை இடம் மாற்றுங்கள். இரண்டு மோட்டாரும் எதிரெதிராகப் பார்த்து உட்கார்ந்திருப்பதால் ஒன்று தலைகீழாக ஓடுவது சகஜம். வலது சக்கரத்துக்கும் இதே சோதனை.

பிறகு பிள்ளையிடம் ஐந்து சொந்த பிளாக் செய்யச் சொல்லுங்கள்: முன்னே, பின்னே, இடம், வலம், நில். தமிழ்ப் பெயரை எம்பிளாக் ஏற்க மறுத்தால் ஆங்கில எழுத்தில் வைத்துக்கொள்ளலாம். ‘முன்னே’ என்றால் 7, 9 ஆன், 8, 10 ஆஃப். ‘இடம்’ என்றால் இடது சக்கரம் பின்னோக்கியும் வலது சக்கரம் முன்னோக்கியும். ‘நில்’ என்பதற்கு நான்கையும் ஆஃப் செய்து, 5-இலும் 6-இலும் துடிப்பை 255 வையுங்கள், மோட்டார் பிரேக் பிடித்தது போல் நிற்கும். துடிப்பை 0 ஆக்கினால் உருண்டுபோய் மெல்ல நிற்கும். அப்படி ‘நில்’லில் 255 வைப்பதால், மற்ற நான்கு பிளாக்குகளிலும் வேகத்தை மறுபடி எழுத வேண்டும்.

நேராக ஓட வைப்பது

தரையில் 2 மீட்டருக்குச் சாக்பீஸ் கோடு போட்டு, இரண்டு சக்கரத்துக்கும் 150 கொடுத்து விடுங்கள். ரோபோ ஒரு பக்கம் சாயும். ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து எடுத்த இரண்டு மோட்டார்கூட ஒரே வேகத்தில் சுற்றாது. இடது பக்கம் சாய்ந்தால் வலது சக்கரம் வேகமாக ஓடுகிறது என்று பொருள். வலதுக்கு 145, பிறகு 140 என்று ஐந்தைந்தாகக் குறைத்துக்கொண்டே வாருங்கள். கிடைத்த எண்ணை சேசிஸ் மேலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள். 80, 90-க்குக் கீழே போனால் மோட்டார் ‘உய்ய்’ என்று முனகுமே தவிர நகராது, கியரின் உராய்வைத் தாண்ட அந்தத் துடிப்பு போதாது.

அடுத்து சதுரம். இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போடலாம். 65 மி.மீ. சக்கரத்தின் சுற்றளவு 20.4 செ.மீ. இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 13 செ.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், உங்களுடையதை ஸ்கேலால் அளந்துகொள்ளுங்கள். நின்ற இடத்திலேயே 90 பாகை திரும்ப ஒவ்வொரு சக்கரமும் 6.5 செ.மீ. ஆரமுள்ள வட்டத்தில் கால் பங்கு ஓட வேண்டும், அதாவது 10.2 செ.மீ. சக்கரம் சரியாக அரைச் சுற்று! சக்கரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு, அந்தப் புள்ளி மேலிருந்து கீழே வர எத்தனை மில்லி விநாடி ஆகிறது என்று பிள்ளை தானே கண்டுபிடிக்கட்டும். 300-இல் தொடங்கி 20, 20 ஆகக் கூட்டிப் பார்க்கலாம். பேட்டரி தளரத் தளர இந்த எண் கூடும்.

தட்டில், இரு சக்கரங்களின் அச்சுக்கு நட்டநடுவே துளை போட்டு ஸ்கெட்ச் பேனா செருகினால் சார்ட் பேப்பரில் சதுரம் வரையும். துளை முன்னாலோ பின்னாலோ தள்ளியிருந்தால் ஒவ்வொரு மூலையிலும் ஒரு வளைவு விழும், ரோபோ சுழல்வது அச்சின் நடுவைச் சுற்றித்தான். கணித அறிஞர் சீமோர் பேப்பர்ட்டும் அவரோடு இருந்தவர்களும் பிள்ளைகளுக்காக 1967-இல் உருவாக்கிய லோகோ என்ற நிரல் மொழிக்குப் பின்னால் வந்த ஆமை ரோபோவும் இப்படித்தான் பேனாவோடு தரையில் ஊர்ந்தது. பிள்ளை தன் உடலால் திரும்பிப் பார்த்து வடிவியலைப் புரிந்துகொள்ளும் என்பது அவருடைய நம்பிக்கை. ரோபோ போல் நடந்து காட்டச் சொல்லுங்கள், நிரலில் எங்கே ஓர் அடி விட்டுப்போனது என்று அதற்கே தெரிந்துவிடும்.

தடை கண்டால் திரும்புவது

ஹெச்சி-எஸ்ஆர்04-இன் விசிசி பின்னை பிரெட்போர்டு வழியாக ஆர்டுயினோவின் 5 வோல்ட்டுக்கும், கிரவுண்டைக் கிரவுண்டுக்கும், டிரிக் பின்னை 12-க்கும், எக்கோவை 11-க்கும் மாட்டுங்கள். இந்தச் சென்சார் 40 கிலோஹெர்ட்ஸ் ஒலியை அனுப்பி, எதிரொலி வரும் நேரத்தை அளக்கிறது. போய்வர ஒரு செ.மீ.க்கு 58 மைக்ரோ விநாடி. 20 செ.மீ. தூரத்துச் சுவர் என்றால் 1,160.

ஓட விடுவதற்கு முன் சென்சாரை மட்டும் சோதியுங்கள்: 20 செ.மீ.க்குள் கை வந்தால் 13-ஆம் பின் விளக்கு எரியட்டும். சரியாக வந்ததும் நிரல் இப்படி: எப்போதும் திரும்பத் திரும்ப, தூரம் 20-க்குக் கீழ் என்றால் நில், 300 மில்லி விநாடி பின்னே, 400 மில்லி விநாடி வலம், இல்லையென்றால் முன்னே. சுற்றின் கடைசியில் 60 மில்லி விநாடி காத்திருக்கச் சொல்லுங்கள். முந்தைய ஒலியின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்ததை அனுப்பினால் தூரம் தாறுமாறாக வரும்.

வெட்டவெளியில் ரோபோ காரணமே இல்லாமல் பின்வாங்குகிறதா? எதிரொலி திரும்பாதபோது தூரம் 0 என்று வரக்கூடும், 0-உம் 20-க்குக் கீழ்தானே. ‘தூரம் 1-ஐ விட அதிகம், 20-ஐ விடக் குறைவு’ என்று நிபந்தனையை இரண்டாக்கினால் சரியாகிவிடும். திரைச்சீலை, மெத்தை, சாய்வான சுவர் ஆகியவற்றில் அது போய் முட்டத்தான் செய்யும். துணி ஒலியை உறிஞ்சிவிடும், சாய்ந்த பரப்பு வேறு திசைக்குத் தள்ளிவிடும். நாற்காலிக் கால் மெலிதாக இருப்பதால் சில நேரம் கண்ணில் படாது. இது பிள்ளையின் தவறு இல்லை என்று அதனிடம் சொல்லிவிடுங்கள்.

கறுப்புக் கோட்டைப் பின்தொடர்வது

வெள்ளைச் சார்ட் பேப்பரில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி வளைந்த பாதை செய்யுங்கள். இரண்டு ஐஆர் சென்சாரையும் ரோபோவின் முன்பக்கம், தரையிலிருந்து 1 செ.மீ. உயரத்துக்குள், டேப் இரண்டுக்கும் நடுவே வரும்படி 3 செ.மீ. இடைவெளியில் பொருத்துங்கள். அவற்றின் விசிசியும் கிரவுண்டும் முன்போலவே 5 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும், இடது, வலது அவுட் பின்கள் முறையே 2, 3-க்கு. ஒவ்வொரு சென்சாரிலும் திருகிச் சரிசெய்ய ஒரு நீலக் குமிழ் உண்டு. வெள்ளையில் அதன் விளக்கு எரிந்து, டேப்பின் மேல் அணையும் இடம் வரும் வரை மெல்லத் திருகுங்கள். சில மாடல்களில் இது தலைகீழாக இருக்கும், நிரலில் ஆன், ஆஃபை மாற்றினால் சரி. ஜன்னல் வெயில் விழும் இடத்தில் சரிசெய்யாதீர்கள். வெயிலிலும் அகச்சிவப்புக் கதிர் உண்டு, சென்சார் எல்லாவற்றையும் வெள்ளை என்றே நினைக்கும்.

இரண்டும் வெள்ளை என்றால் முன்னே, இடது சென்சார் கறுப்பைக் கண்டால் இடம், வலது கண்டால் வலம், இரண்டும் கறுப்பு என்றால் நில். வேகம் 100, 120-க்குள். வேகம் கூடினால் வளைவில் சென்சார் கோட்டைக் கண்டு சக்கரம் திரும்புவதற்குள் ரோபோ கோட்டைத் தாண்டியிருக்கும். கோட்டைக் கண்டதும் அதை விட்டு எதிர்ப்பக்கம் ஓடினால், இரண்டு சென்சார் ஒயர்களும் இடம் மாறியிருக்கின்றன.

ஓடாதபோது தேடும் வரிசை

யூஎஸ்பி ஒயரில் நன்றாக இருந்து, பேட்டரியில் மட்டும் கோளாறு செய்தால் மல்டிமீட்டரை எடுங்கள். மோட்டார் ஓடும்போது டிரைவரின் 12 வோல்ட் முனைக்கும் கிரவுண்டுக்கும் இடையே அளந்து பாருங்கள். 6-க்குக் கீழே விழுந்தால் பேட்டரியை மாற்றியாக வேண்டும். ஓய்வில் அளந்தால் பழைய பேட்டரியும் நல்லதாகவே காட்டும். வோல்டேஜ் சரியாக இருந்தால் கிரவுண்டு ஒயர், பிறகு திருகு முனைகள், பிறகு பிரெட்போர்டில் பாதி செருகிய ஒயர்கள். இவ்வளவும் பார்த்த பிறகே நிரலைத் திறங்கள். அப்போதும் புதிதாக எழுதாமல், சக்கரம் சுற்றிய பழைய சோதனை நிரலை ஏற்றிப் பாருங்கள். அது ஓடினால் ஒயர் சரி, பிழை புது நிரலில். அது ஓடாவிட்டால் ஒயர்தான்.

டிரைவரின் கறுப்புத் தகடு தொட முடியாத அளவுக்குச் சுட்டால் உடனே ஸ்விட்சை அணையுங்கள். சக்கரத்தில் முடியோ நூலோ சுற்றி மோட்டார் இறுகியிருக்கும், அல்லது மோட்டாரின் இரண்டு ஒயரும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும்.

விளையாடி முடித்ததும் ஹோல்டரிலிருந்து ஒரு பேட்டரியையாவது கழற்றி வையுங்கள். பையில் அழுந்தி ஸ்விட்ச் தானாக ஆன் ஆனால், மறுநாள் காலை ஆறு பேட்டரியும் காலியாக இருக்கும்.